வெள்ளம் வந்ததும் ஆட்கள் காணாமல் போகிறார்களா? பேரழிவுத் திரைக்கதைக்கு அறிகுறி வாரியாகப் பழுது நீக்கும் முறை

மழைக்காலம் தொடங்கியதும் மும்பையில் இரண்டு வரத்து கூடிவிடும். ஹிந்துமாதா சந்திப்புக்குத் தண்ணீர். மாதுங்காவில் இருக்கும் என் மேசைக்குப் பேரழிவுத் திரைக்கதைகள். வெள்ளம், நிலச்சரிவு, தீ, சரிந்து விழும் பழைய கட்டடம். ஒருமுறை விண்கல்கூட வந்தது. தமிழில் எழுதி இந்தியிலும் விற்கலாம் என்று நினைக்கும் பிள்ளைகள், "ஒரு பார்வை பாருங்கள் சார்" என்று கொண்டுவந்து வைக்கும் பக்கங்கள் அவை. பன்னிரண்டு ஆண்டுகளாக இவற்றைப் பழுதுபார்த்துக்கொண்டிருக்கிறேன். கோளாறு ஏறக்குறைய ஒன்றேதான். பிரம்மாண்டம் வந்ததும் மனிதர்கள் காணாமல் போய்விடுவார்கள். அல்லது மனிதர்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள், வெள்ளம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தன் முறைக்காக உட்கார்ந்திருக்கும்.

கீழே அறிகுறிகளைத் தலைப்பாகக் கொடுத்திருக்கிறேன். உங்கள் கதைக்குப் பொருந்துவதற்கு நேராகப் போய்விடலாம். ஒவ்வொன்றின் கீழும் காரணங்கள் செலவு குறைந்ததிலிருந்து தொடங்கும். ரப்பரால் அழித்துச் சரிசெய்யக்கூடியதை விட்டுவிட்டு, கணினி வரைகலை நிறுவனத்துக்கு இன்னொரு தவணை கட்டியவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

தொடங்கும் முன்: இரண்டு பென்சில்

அச்செடுத்த பிரதி ஒன்று, சிவப்பில் ஒன்று, நீலத்தில் ஒன்று என இரண்டு பென்சில். ஒருவர் இன்னொருவரிடம் எதையாவது கேட்கிற, மறைக்கிற, மறுக்கிற, விட்டுக்கொடுக்கிற வரிகளுக்குச் சிவப்பு. தண்ணீர் ஏறுவது, சுவர் இடிவது, தீ பரவுவது எல்லாம் நீலம். 'அப்பா, உங்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும்' என்று எழுதிவிட்டதாலேயே ஒரு வரி சிவப்பாகிவிடாது. அதைச் சொன்னதால் எதிரே நிற்பவருக்கு ஏதாவது நெருக்கடி வந்திருக்க வேண்டும்.

முடித்ததும் பக்கங்களைத் தரையில் வரிசையாகப் பரப்புங்கள். ஒரு பக்கம் திரையில் சுமார் ஒரு நிமிடம் என்பது தொழில் கணக்கு. என் வீட்டுக் கூடத்தில் எழுபது பக்கத்துக்கு மேல் பரப்ப முடியாது. மீதி சமையலறைக்குப் போகும்.

- தொடர்ந்து பத்துப் பக்கத்துக்கு மேல் வெறும் நீலம் என்றால் அறிகுறி 1.
- முதல் முப்பது பக்கம் வெறும் சிவப்பு என்றால் அறிகுறி 2.
- இரண்டும் கலந்தே இருக்கின்றன, ஆனாலும் படிப்பவர் அசையவில்லை என்றால் 3 அல்லது 4.
- நீலத்துக்கு நடுவே முழுப் பக்கத்துக்கு ஒரு சிவப்புத் திட்டு என்றால் அறிகுறி 5.
- கடைசி ஐந்து பக்கத்தில் மட்டும் திடீரென்று சிவப்பு கொட்டிக்கிடந்தால் அறிகுறி 6.

அறிகுறி 1: வெள்ளம் வந்த பிறகு ஆட்கள் காணாமல் போகிறார்கள்

என்னிடம் வரும் பிரதிகளில் பாதிக்கு மேல் இந்தப் பழுதுதான். அறுபதாம் பக்கம் வரை கோபக்காரியாக, கஞ்சனாக, பொய் சொல்கிறவனாக இருந்தவர்கள், தண்ணீர் வந்ததும் ஓடுகிறவர்களாக மட்டும் ஆகிவிடுகிறார்கள்.

காரணம் 1: போக்குவரத்துக் காவலர் வசனம்.

'ஓடு', 'பார்த்து', 'கையைப் பிடி', 'மேலே ஏறு', 'தண்ணீர் வருகிறது'. இவை எல்லாம் சாலையில் கைகாட்டும் வேலையைச் செய்கின்றன. சோதனை எளிது: பேசுகிறவரின் பெயரைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு வசனத்தைப் படியுங்கள். பேசுவது மாமியாரா மருமகளா என்று தெரியவில்லையென்றால் அந்த வரி தேறவில்லை. தண்ணீர் வருவது பார்வையாளருக்குத் திரையிலேயே தெரிகிறது. அவர் டிக்கெட் வாங்கியதே அதற்குத்தான். இப்படிப்பட்ட வரிகளை முதலில் அடித்துவிடுங்கள். செலவு ஒரு ரப்பர். பத்தில் மூன்று பிரதிகள் இதிலேயே பாதி தேறிவிடும்.

அடித்த பிறகு பக்கத்தில் ஒன்றுமே மிஞ்சவில்லையா? அப்படியானால் அடுத்த காரணம்.

காரணம் 2: பாக்கி இல்லை.

2005 ஜூலை 26, செவ்வாய்க்கிழமை. அப்போது அந்தேரியில் ஒரு டப்பிங் கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பிற்பகலில் பிடித்த மழை விடவில்லை. லோக்கல் ரயில்கள் நின்றுவிட்டன, செல்பேசி செத்துவிட்டது. நானும் என் அறைத்தோழனும் மாதுங்காவை நோக்கி நடக்கத் தொடங்கினோம். சில இடங்களில் முழங்கால், சில இடங்களில் இடுப்பு. யாரென்றே தெரியாதவர்கள் கயிறு பிடித்துக் கரை சேர்த்தார்கள். ஒரு கட்டட வாசலில் ஒரு பாட்டி தேநீரும் குளுக்கோஸ் பிஸ்கட்டும் கொடுத்தார். இதெல்லாம் எல்லோரும் எழுதுகிற விஷயம். யாரும் எழுதாதது ஒன்று உண்டு. இடுப்பளவுத் தண்ணீரில், ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி, நாங்கள் இருவரும் முந்நூறு ரூபாய் மின்கட்டணப் பாக்கியைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டே நடந்தோம். ஒரு கட்டத்தில் அவன் என் தோளை விட்டுவிட்டுப் பத்தடி தள்ளி நடந்தான். மூடியில்லாத சாக்கடைக் குழிகள் எங்கே இருக்கின்றன என்று தெரியாத சாலையில் அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். ஆனாலும் அரை மணி நேரம் அப்படித்தான் நடந்தோம்.

வெள்ளம் பாக்கியைத் தள்ளுபடி செய்வதில்லை. வசூலுக்குத்தான் வருகிறது. எனவே சோதனை இது: முக்கியமான இருவருக்கு நடுவே, பேரழிவு நாளின் காலை பத்து மணிக்கு என்ன பாக்கி இருந்தது என்று ஒரே வரியில் எழுதுங்கள். அதில் கையால் தொடக்கூடிய ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். 'அப்பாவுக்கும் மகனுக்கும் ஒத்துப்போகவில்லை' என்பது பாக்கி ஆகாது. 'மகனின் கல்யாணத்துக்கு அப்பா வரவில்லை. அவருக்கென்று எடுத்த பட்டுவேட்டி இன்னும் மடிப்புக் கலையாமல் மகன் அலமாரியில் இருக்கிறது' என்றால் பாக்கி. வரி எழுத வரவில்லை என்றால் வெள்ளக் காட்சிகளில் கை வைக்காதீர்கள். முதல் இருபது பக்கங்களுக்குப் போங்கள்.

காரணம் 3: பாக்கி இருக்கிறது, வெள்ளம் அதைத் தொடவே இல்லை.

இதுதான் கொஞ்சம் நுட்பமானது. அண்மையில் வந்த ஒரு பிரதியை, எழுதிய தம்பியின் சம்மதத்தோடு இங்கே சொல்கிறேன். கதை 2005 வெள்ளத்தில், தாராவியில் நடக்கிறது. இட்லி போட்டு விற்கும் அண்ணன், தம்பி. அண்ணன் மனைவியின் சங்கிலியை அடகு வைத்துப் பெரிய கிரைண்டர் வாங்கியிருக்கிறான். தம்பியோ சீட்டுப் பணம் நாற்பதாயிரத்தை அண்ணனுக்குத் தெரியாமல் எடுத்து, செம்பூரில் தனிக்கடை போடுவதற்காக அரிசி டின்னில் ஒளித்து வைத்திருக்கிறான். பாக்கி அருமையான பாக்கி. ஆனால் வெள்ளம் வந்ததும் இருவரும் வெளியே ஓடிப்போய், சாக்கடையில் இழுத்துச் செல்லப்படும் ஒரு குழந்தையைக் காப்பாற்றுகிறார்கள். அந்தக் குழந்தை யார் என்று கதையில் யாருக்கும் தெரியாது. எட்டுப் பக்கம், அத்தனையும் நீலம்.

நான் அவனிடம் கேட்டது ஒன்றுதான்: "தண்ணீர் வீட்டுக்குள் வந்தால் முதலில் எதைத் தொடும்?"

அரிசி டின் தரையில் இருக்கிறது. கிரைண்டரும் தரையில் இருக்கிறது. கிரைண்டரை ஏணி வழியாகப் பரணுக்கு ஏற்ற இரண்டு ஆட்கள் வேண்டும்.

திருத்திய காட்சி இப்படி ஆயிற்று. முழங்காலளவுத் தண்ணீர். விளக்கு இல்லை. அண்ணன் கல்லின் ஒரு பக்கத்தையும் தம்பி மறுபக்கத்தையும் பிடித்திருக்கிறார்கள்; ஏணியின் மூன்றாவது படியில் கிரைண்டர் நிற்கிறது. கீழே மிதக்கத் தொடங்கிய டின் சுவரில் மோதுகிறது, மூடி கழன்றுகொள்கிறது. அரிசியோடு சேர்ந்து நோட்டுகள் மிதந்து வருகின்றன. அண்ணன் பார்க்கிறான்.

"எவ்வளவு?"

"நாற்பது."

"சீட்டுப் பணமா?"

"தூக்கு அண்ணே, தண்ணீர் ஏறுகிறது."

கடைசி வரியைக் கவனியுங்கள். காரணம் 1-இல் அடிக்கச் சொன்ன அதே போக்குவரத்துக் காவலர் வரிதான். இங்கே அது ஒரு திருடனின் தப்பித்தல் ஆகிவிட்டது. இருவருக்கும் கை காலியில்லை. கிரைண்டரை விட்டால்தான் அடிக்க முடியும், நோட்டைப் பொறுக்க முடியும். விட்டால் அண்ணி கழுத்துச் சங்கிலி தண்ணீரில் போகும். எட்டுப் பக்கம் மூன்று பக்கமாயிற்று. வரைகலைச் செலவு இல்லை. ஓர் அறை, ஒரு தண்ணீர்த் தொட்டி, பழைய கிரைண்டர் ஒன்று போதும்.

உங்கள் கதைக்கும் இதே கேள்விதான்: தீ முதலில் எதைப் பிடிக்கும்? இடிபாடு எந்த இருவரை ஒரே பக்கத்தில் மாட்டிவைக்கும்? பாக்கியோடு தொடர்புடைய பொருளை, முதல் ஐந்து நிமிடத்தில் அழிவு தொடக்கூடிய இடத்துக்கு நகர்த்துங்கள். மேசை மேலிருந்து தரைக்கு நகர்த்தினால்கூடப் போதும்.

காரணம் 4: பாக்கி உள்ள இருவரும் வெவ்வேறு இடத்தில் இருக்கிறார்கள்.

கணவன் ஓரிடம், மனைவி ஓரிடம், செல்பேசி வேலை செய்யவில்லை. இருவரும் ஆளுக்கொரு பக்கம் நீந்துகிறார்கள். இங்கே இரண்டு வழி உண்டு. இருவரையும் வெள்ளத்துக்கு முன்பே ஓரிடத்தில் சேர்ப்பது முதல் வழி. எழுத்து வேலை ஒரு வாரம் பிடிக்கும். மற்றொன்று, பிரிவையே பாக்கியாக்குவது. அந்த 2005 மழையில் சாந்தாகுருஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் பதிவாயிற்று. அதே நாளில் தெற்கே கொலாபாவில் 73 மில்லிமீட்டர்தான். நகரம் ஒன்று, வானம் இரண்டு. கொலாபா அலுவலகத்தில் இருக்கும் மனைவிக்கு, சாந்தாகுருஸை ஒட்டிய கலினாவிலிருந்து கணவன் "வெள்ளம், வர முடியவில்லை" என்று சொல்லும் கடைசி அழைப்பு எப்படிக் கேட்டிருக்கும்? ஏற்கெனவே நான்கு முறை பொய் சொல்லி மாட்டியவன் அவன் என்றால்? அவளுடைய ஜன்னலுக்கு வெளியே வெறும் தூறல். இணைப்பு துண்டிக்கப்படுகிறது. இனி அவன் நீந்துகிற ஒவ்வொரு காட்சியிலும் சிவப்பு இருக்கும்.

காரணம் 5: தவறான இருவர் நடுவில் நிற்கிறார்கள்.

படத்தின் பாக்கி மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவே இருக்கிறது. வெள்ளத்தில் மாட்டியதோ மகனும் அவன் நண்பனும். இதற்குச் சில்லறைப் பழுது கிடையாது. ஐம்பது, அறுபது பக்கம் திரும்ப எழுத வேண்டும்.

ஆளைக் கூப்பிட வேண்டிய கட்டம்: மூன்றுமுறை திருத்தியும் நீலப் பக்கங்களில் சிவப்பு இறங்கவில்லையென்றால் நிறுத்துங்கள். நான்காவது முறையும் நீங்களே எழுதினால் அதே பிரதிதான் வரும். வேறொரு எழுத்தாளரிடமோ கதை ஆலோசகரிடமோ கொடுங்கள். கொடுக்கும் முன் எழுத்தாளர் சங்கத்தில் பதிவு செய்துவிடுங்கள்; பதிவு செய்யாத பிரதியைத் தேநீர்க் கடையில் கைமாற்றிவிட்டுப் பிறகு புலம்புகிறவர்களை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

அறிகுறி 2: முதல் அரை மணி நேரம் தொலைக்காட்சித் தொடர்போல இழுக்கிறது

தயாரிப்பாளர் உடனே சொல்வார்: "வெள்ளத்தை முன்னால் கொண்டுவா." கொண்டுவராதீர்கள். அரை மணி நேரம் காத்திருக்கச் சொல்வது பழுதல்ல. எதற்காகக் காத்திருக்கிறோம் என்று தெரியாமல் காக்கவைப்பதுதான் பழுது.

காரணம் 1: ஆபத்து இன்னும் வாயைத் திறக்கவில்லை.

அழிவைப் பற்றிய முதல் சைகை எந்தப் பக்கத்தில் வருகிறது என்று பாருங்கள். பத்தாம் பக்கத்துக்குள் இல்லையென்றால் ஒன்றை வையுங்கள். அதோடு, அழிவு எப்படி வேலை செய்யும் என்பதையும் முன்பே காட்டிவிட வேண்டும். 1997-இல் வந்த 'டைட்டானிக்' படத்தில், வயதான கதாநாயகிக்கு ஆய்வுக் கப்பலில் ஒரு கணினிப் படம் போட்டுக் காட்டுவார்கள்: எங்கே கிழிந்தது, எப்படி முன்பக்கம் மூழ்கியது, எப்படி இரண்டாக உடைந்தது என்று. படத்தின் தொடக்கத்திலேயே வந்துவிடும் காட்சி அது. பின்னால் கப்பல் மூழ்கும்போது யாரும் யாருக்கும் பொறியியல் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை. பார்வையாளர் ஆட்களை மட்டும் பார்த்தால் போதும்.

மும்பை வெள்ளத்துக்கு அந்தக் கணினிப் படம் இரண்டு வரி. பழைய வடிகால்கள் மணிக்கு 25 மில்லிமீட்டர் மழையைத் தாங்கும்படி கட்டப்பட்டவை. ஹை டைட் என்று இங்கே எல்லோரும் சொல்லும் கடல் ஏற்றத்தின்போது அந்தத் தண்ணீரும் கடலில் இறங்காது. இதைத் தொலைக்காட்சிச் செய்தியாளர் வாயில் போடாதீர்கள். நாள்காட்டியில் ஹை டைட் நேரத்தைக் குறித்து வைத்துக்கொண்டு அதற்குள் மீன் கூடையைத் தூக்கிவிடும் பக்கத்து வீட்டு அக்கா வாயில் போடுங்கள். அவருக்கு அது அன்றாடத் தொல்லை, நமக்குத் தகவல்.

காரணம் 2: உறவுகளைப் பேச்சால் அறிமுகம் செய்கிறீர்கள்.

"நீ எப்போதும் இப்படித்தான்" என்று தொடங்கும் சாப்பாட்டு மேசைச் சண்டை வந்தால் நான் பக்கத்தைத் திருப்பிவிடுவேன். சேர்ந்து ஒரு வேலை செய்யவையுங்கள். மாவு அரைக்கும்போது அண்ணன் அளந்து போட்ட உளுந்தை, அவன் திரும்பியதும் தம்பி இன்னொரு கைப்பிடி கூட்டினால், அந்த வீட்டில் யாருக்கு யார் மேல் நம்பிக்கையில்லை என்பது விளங்கிவிடும்.

காரணம் 3: எல்லோரையும் வரிசையாக அறிமுகம் செய்வது.

பள்ளி ஆண்டு விழாபோல. மூன்று பேர் போதும். மற்றவர்கள் வெள்ளத்தின்போது வந்து சேரட்டும்.

காரணம் 4: இடைவேளை.

நம் படங்களில் அழிவு பெரும்பாலும் இடைவேளையில்தான் இறங்கும். அப்படியானால் முதல் பாதிக்கென்று தனியாக ஓர் இயந்திரம் தேவை: ஒரு கடன் தவணை, ஒரு பெண் பார்க்கும் நாள், ஒரு வழக்கு. அது இல்லையென்றால் முதல் பாதியையே மறுபடி கட்ட வேண்டும். காரணம் 1-ஐயும் 2-ஐயும் சரிசெய்யாமல் இந்த வேலைக்குப் போகாதீர்கள்.

ஆளைக் கூப்பிட வேண்டிய கட்டம்: படம் எடுத்து முடிந்த பிறகுதான் இந்த அறிகுறி தெரிகிறதென்றால் எழுத்தாளரால் இனி பயனில்லை, படத்தொகுப்பாளரிடம் போங்கள். அவர் பன்னிரண்டு நிமிடத்தைத் தூக்கும்போது பக்கத்தில் உட்காராதீர்கள்.

அறிகுறி 3: ஆட்கள் சாகிறார்கள், யாருக்கும் வலிக்கவில்லை

முதல் சோதனை: செத்தவரின் பெயரை, பிரதியைப் படித்த ஒருவரிடம் மறுநாள் கேளுங்கள். "அந்தக் கண்ணாடி போட்ட ஆள்" என்றால் பழுது உறுதி.

எளிய காரணம், சாவதற்காகவே ஒருவரைக் கொண்டுவந்திருப்பது. காட்சி தொடங்கும்போதே அவர் சட்டைப் பையிலிருந்து மகள் படத்தை எடுத்துப் பார்க்கிறார். முடிந்தது, ஆள் தேறமாட்டார் என்று திரையரங்கே முடிவு செய்துவிடும். படத்தைப் பிடுங்கிவிடுங்கள். பதிலாக, அவரிடம் மற்றவர்களுக்குத் தேவையான ஏதாவது ஒரு வேலையைக் கொடுங்கள்: அவருக்கு மட்டும்தான் ஜெனரேட்டரை ஓட்டத் தெரியும், அவருக்கு மட்டும்தான் மராத்தி தெரியும். அவர் போன பிறகு அந்த வேலையை யார் செய்வது என்று மற்றவர்கள் திணற வேண்டும். அழுகை அந்தத் திணறலில் தானாக வரும்.

அடுத்த காரணம், அடுத்த காட்சியில் எல்லோரும் மறந்துவிடுவது. மரணத்துக்குப் பிறகு வரும் மூன்று காட்சிகளில் அந்த ஆளின் தடம் ஒன்றாவது இருக்கிறதா? அவருடைய பை, அவர் கட்டிய முடிச்சு, அவருக்கென்று பிரித்து வைத்த பங்கு? மிஞ்சிய வடாபாவை யார் எடுப்பது என்று தெரியாமல் நான்கு பேர் பார்த்துக்கொண்டு நிற்கும் காட்சி ஒன்றை ஒரு பெண் எழுதிவந்தாள். அதில் நான் ஒரு சொல்கூட மாற்றவில்லை.

செலவு கூடிய காரணம், ஆட்கள் அளவுக்கு மீறி இருப்பது. பதினான்கு பெயர்களை ஒன்பதாகக் குறையுங்கள். இருவரின் வேலையை ஒருவரிடம் கொடுப்பதுதான் வழி. நடிகர் ஒப்பந்தம் போடும் முன் செய்தால் மட்டுமே இது எழுத்து வேலை. பிறகு செய்தால் வழக்கு.

இன்னொன்று. 2005-இல் காருக்குள்ளேயே சிக்கி, கதவைத் திறக்க முடியாமல் இறந்தவர்கள் இந்த நகரத்தில் உண்டு. அவர்கள் வீடுகள் இன்னும் இங்கேதான் இருக்கின்றன. ஓர் அதிர்ச்சிக்காக அப்படி ஒரு மரணத்தை யாரோ ஒரு துணைநடிகர் மேல் ஏற்றி எழுதிய பிரதி என்னிடம் வந்தது. அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டேன். உண்மையில் நடந்த ஒரு மரணத்தை அடையாளம் தெரியும்படி எழுதப்போகிறீர்கள் என்றால், இந்தக் கட்டத்திலேயே வழக்கறிஞரைக் கூப்பிடுங்கள். அதற்கும் முன் அந்தக் குடும்பத்தைப் போய்ப் பாருங்கள்.

அறிகுறி 4: காட்சி பிரமாதம், ஆனால் உள்ளே இழுக்கவில்லை

காரணம் 1: அளவுகோல் இல்லை.

வானத்திலிருந்து பார்த்தால் வெள்ளம் ஒரு பழுப்புத் துணி. எவ்வளவு ஏறியது என்று அதில் தெரியாது. கதையில் ஏற்கெனவே காட்டிய ஒரு பொருளை அளவுகோலாக்குங்கள்: சாள் என்னும் வரிசைக் குடியிருப்பின் மூன்று படிகள், வெளியே நிற்கும் சிவப்பு நகரப் பேருந்தின் சக்கரம், பிறகு எண் பலகை, மாடிப்படிக்குக் கீழே இருக்கும் மின் மீட்டர் பெட்டி. தண்ணீர் இரண்டாவது படியைத் தொடும்போது, மூன்றாவது படியில் யாருடைய செருப்பு இருக்கிறது என்று பார்வையாளருக்குத் தெரிந்திருந்தால் வேலை முடிந்தது.

காரணம் 2: யாருடைய கண் வழியாகப் பார்க்கிறோம் என்பது எழுதப்படவில்லை.

ஒவ்வொரு பெரிய காட்சிக்கும் பக்கத்தில் ஒரு பெயரை எழுதுங்கள். பெயர் வரவில்லையென்றால் அந்த ஷாட் வேண்டாம். சுவர் இடிவதைக் காட்டுவதைவிட, இடிவதைப் பார்க்கிற மகளின் முகமும் சத்தமும் போதுமா என்று கேட்டுப்பாருங்கள். 1975-இல் வந்த 'ஜாஸ்' படத்துக்குச் செய்த இயந்திரச் சுறா கடல் தண்ணீரில் அடிக்கடி பழுதாகிக்கொண்டே இருந்தது. வேறு வழியில்லாமல் சுறாவைக் காட்டாமலேயே காட்டினார்கள். தண்ணீரில் இழுபடும் மஞ்சள் பீப்பாய்கள்தான் பாதி நேரம் சுறா. பழுதான இயந்திரம் சில சமயம் நல்ல ஆலோசகர்.

காரணம் 3: ஷாட்டுகளின் எண்ணிக்கை.

பேரளவுத் தண்ணீரைக் கணினியில் உருவாக்குவது வரைகலையிலேயே செலவு மிகுந்த வேலைகளில் ஒன்று. நாற்பது சுமாரான ஷாட்டுகளை வாங்குவதைவிட எட்டு நல்ல ஷாட்டுகளை வாங்குங்கள். எந்த எட்டு? சிவப்பும் நீலமும் ஒரே வரியில் சேரும் எட்டு.

ஆளைக் கூப்பிட வேண்டிய கட்டம்: வரைகலை மேற்பார்வையாளரைப் பிரதி இறுதியாகும் முன்பே கூப்பிடுங்கள். படப்பிடிப்பு முடிந்து கூப்பிட்டால் அவர் மருத்துவர் அல்ல, பிணக்கூறு ஆய்வாளர். தொட்டியில் தண்ணீர் நிரப்பி நடிகர்களை இறக்குவதாக இருந்தால் சண்டைப் பயிற்சியாளர், நீச்சல் தெரிந்த மீட்பாளர், மின் பாதுகாப்பு பார்க்கும் ஆள் மூவரும் இல்லாமல் ஒரு ஷாட்கூட வேண்டாம். ஈரத்தில் ஒளிவிளக்குக் கம்பி கிடக்கும் இடத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

அறிகுறி 5: பாசக் காட்சி முடியும்வரை வெள்ளம் காத்திருக்கிறது

காரணம் பெரும்பாலும் ஒன்றே: கடிகாரம் இல்லை. 2015-இல் வந்த நார்வே நாட்டுப் படம் ஒன்றில், மலை சரிந்து பேரலை எழுந்தால் அது வந்து சேரும் முன் ஊருக்கு இருப்பது பத்தே நிமிடம் என்று முன்பே சொல்லிவிடுவார்கள். அதற்குப் பிறகு யார் யாரோடு ஒரு நொடி நின்று பேசினாலும் அதற்கு ஒரு விலை உண்டு. மும்பைக் கதைக்குக் கடல் கொடுக்கும் கடிகாரம் இருக்கிறது; ஏற்றம் உச்சத்திலிருந்து வற்ற ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஆகும். அதைப் பயன்படுத்துங்கள்.

கடிகாரம் வைத்த பிறகும் வசனம் நீள்கிறதா? பேசுகிறவர்களின் கைக்கு வேலை கொடுத்துவிட்டு, வசனத்தை மூன்றில் ஒன்றாகக் குறையுங்கள். பாதி வாக்கியத்தில் சுவர் இடியட்டும். மீதி வாக்கியம் படம் முடியும்வரை சொல்லப்படாமலே இருந்தால் இன்னும் நல்லது.

இதற்கு யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. காட்சியை நின்றுகொண்டு சத்தமாகப் படியுங்கள். இரண்டு கையிலும் தண்ணீர் நிறைந்த வாளியோடு. எங்கே கை வலித்து நிறுத்தத் தோன்றுகிறதோ அங்கே வெட்டுங்கள்.

அறிகுறி 6: வெள்ளம் வடிந்ததும் எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள்

அழிவு வந்தால் பகை தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கையில் எழுதப்படும் முடிவு இது. சோதனை: கட்டிப்பிடிக்கும் இருவருக்கும் நடுவே இருந்த பாக்கியை யார், எப்போது, எதைக் கொடுத்துத் தீர்த்தார்கள்? 'உயிர் பிழைத்ததே போதும் என்று' என்பது பதில் ஆகாது. என் அறைத்தோழன் அந்த முந்நூறு ரூபாயை அக்டோபரில்தான் கொடுத்தான்.

எளிய பழுது நீக்கம்: கட்டிப்பிடிப்பதை அடித்துவிட்டு, வெள்ளத்துக்கு மறுநாள் ஒரு காட்சி எழுதுங்கள். ஆட்கள் சேற்றைத் தள்ளுகிறார்கள், நனைந்த பாயை வெயிலில் போடுகிறார்கள். அந்த வேலைக்கு நடுவே பாக்கி எழட்டும். அப்போதும் முடிவு நிற்கவில்லையென்றால் பழுது முடிவில் இல்லை. அறிகுறி 1, காரணம் 2-க்குத் திரும்பிப் போங்கள்.

தாராவிப் பிரதியின் முடிவில் அண்ணனும் தம்பியும் கிரைண்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுவதாக இருந்தது. இப்போது இருப்பது வேறு. வெயில் அடிக்கிறது. அண்ணி துணி காயப்போடும் கொடியில் கிளிப் மாட்டி நோட்டுகளைக் காயவைக்கிறாள். அண்ணன் ஒவ்வொன்றாக எடுத்து எண்ணுகிறான். தம்பி அவன் எண்ணுவதையே பார்த்துக்கொண்டு கிரைண்டர் கல்லைத் துடைக்கிறான். முப்பத்தெட்டாயிரத்து ஐந்நூறில் எண்ணிக்கை நிற்கிறது. அண்ணன் மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்குகிறான்.

எழுதிய தம்பி போன வாரம் தொலைபேசியில் கேட்டான்: "சார், மீதி ஆயிரத்து ஐந்நூறு எங்கே போயிற்று என்று காட்ட வேண்டாமா?" தண்ணீரிலா, அண்ணி கையிலா என்று அவனுக்கே இன்னும் முடிவாகவில்லை. முடிவானால் எனக்கும் சொல்ல வேண்டாம் என்றேன்.